ஒரு நூல் பிளேடு மாட்டின கதை

பட்டறையில் இருக்கும் 14 அங்குல பேண்ட்சாவில் (மேலும் கீழும் உள்ள இரண்டு சக்கரங்களில் வளையப் பிளேடு சுற்றி மரம் அறுக்கும் மெஷின்) இத்தனை வருஷமாக நாலு நூல், அதாவது அரை அங்குல அகலப் பிளேடுதான். பலகை கிழிக்க அது போதும். அண்ணன் மகளுக்கு யானை பொம்மை வெட்டித் தருகிறேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். நாலு நூல் பிளேடு திரும்ப இரண்டரை அங்குல ஆரம் வேண்டும். தும்பிக்கையின் உள்வளைவு அதில் கால்வாசிகூட இல்லை. சரி என்று ஒரு நூல் பிளேடு, அங்குலத்துக்கு 14 பல், வாங்கி மாட்டினேன்.

இரண்டாவது யானையிலேயே பிளேடு கோட்டை விட்டு இடப்பக்கம் இழுத்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்திருக்க வேண்டிய பற்களில் வலப்பக்கத்தவை மட்டும் தேய்ந்து மினுமினுத்தன. தேய்த்தது மெஷினோடு வந்த இரும்புக் கைடு, பிளேடு ஆடாமல் இரண்டு பக்கமும் பிடிக்கும் துண்டுகள். அகலப் பிளேடில் பல் கைடுக்கு முன்னால் தள்ளி நிற்கும். ஒரு நூலில் அதற்கு இடமேது? மரத்தைத் தள்ளியதும் பிளேடு துளி பின்வாங்கும், பல் நேராக இரும்புக்கு நடுவில் போய்விடும்.

அப்புறம் கருவேலங்கட்டையில் அதே அளவுக்கு நாலு துண்டு அறுத்து, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறப்போட்டு, மேலும் கீழும் மாட்டினேன். மரம் என்பதால் பல்லோடு சேர்த்தே ஒட்டிப் பிடிக்கலாம். முகம் தேய்ந்தால் உளியால் சீவி மறுபடி தள்ளிவிட்டால் ஆச்சு. புதுப் பிளேடில் இதுவரை பதினோரு யானை. இதைவிடக் குறுகலாக யாராவது ஓட்டியிருக்கிறீர்களா?

*

தம்பி, கைடு விஷயம் சரி. ஆனால் கைடைத் தொடுவதற்கு முன்னாலேயே பாதி வேலை இருக்கிறது. எங்கள் பட்டறைப் பையன்கள் பிளேடை மாட்டியதும் கைடைத்தான் திருகுவார்கள். நான் விடமாட்டேன். ப்ளக்கைப் பிடுங்கு, கைடு, பிளேடின் முதுகைத் தாங்கும் பின் பேரிங் எல்லாவற்றையும் விலக்கு, மேல் சக்கரத்தைக் கையால் சுற்று. பிளேடு சக்கர ரப்பரின் நடுமேட்டில் ஒரே தடத்தில் ஓடினால்தான் அடுத்தது. பின் பேரிங்குக்கு ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். பிளேடின் இறுக்கம் காட்டும் டென்ஷன் ஸ்கேலை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். இப்போது விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

பிளேடை வளையமாகச் சேர்த்த ஒட்டையும் பார். ஒட்டுப் போட்ட இடம் துருத்தியிருந்தால் சுற்றுக்கு ஒருமுறை பின் பேரிங்கில் ‘டிக்’ என்று தட்டும், அந்தத் தட்டு வெட்டிலும் தெரியும். ஓடும்போது எண்ணெய்க்கல்லை முதுகில் மெல்லக் கொடுத்தால் மேடும் போகும், முதுகு மூலை உருண்டு வளைவில் திரும்புவதும் சுலபமாகும். அதற்கு முன்னால் கீழ்ப்பெட்டித் தூளை வாரிவிடு. ஒருமுறை பொறி விழுந்து தூள் புகைந்து, டீ வாங்கி வந்த தூக்குவாளியைக் கவிழ்த்து அணைத்தோம். அன்றைக்கு யாருக்கும் டீ இல்லை.

*

நான் அரை நூல் ஓட்டியிருக்கிறேன். மூன்று பிளேடு காலி. முதலாவதில் பின் பேரிங்கின் முகத்தில் பள்ளம் விழுந்து பிளேடு அதிலேயே சிக்கியது. அப்புறம் ஒரே கட்டையில் அந்தப் பிளேடாலேயே வெட்டுப் போட்டு, வெட்டுக்குள்ளேயே ஓடும்படி வைத்தேன். பக்கத்தையும் முதுகையும் அந்தக் கட்டையே தாங்கும். இரண்டாவது என் அவசரம். வளைவில் முட்டியதும் மோட்டாரை நிறுத்தாமல் மரத்தைப் பின்னால் இழுத்தேன், பிளேடும் சக்கரத்தை விட்டுக் கூடவே வந்தது. மூன்றாவது, தேக்கில் அமுக்கித் தள்ளியதால் அறுந்தது.

இதற்கு ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கும் மெஷின்) வாங்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நடுவில் துளை வெட்ட அதுதான் வழி, மறுக்கவில்லை. இரண்டு அங்குலக் கனத்தில் அது தவழ்வதைப் பார்த்தால் அவரே கேட்கமாட்டார்.

*

அக்கா, அந்த வெட்டுக் கட்டையைக் கீழேயும் வைத்தீர்களா?

*

மேலே மட்டும். கீழே சும்மா இரண்டு பக்கக் கட்டைதான். மேசை நடுவில் இருக்கும் அலுமினியத் தட்டையும் கழற்றிவிட்டு, பிளேடு அளவுக்கே துளை விட்ட மரத்தட்டு போடுங்கள். பழைய துளை அகலம். நான் வெட்டிய மயில் பொம்மையின் கொண்டை மூன்று முறை உள்ளே போயிருக்கிறது.