வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைய டிவில காட்டுறது விழிப்புணர்வா, வித்தையா?

கல்லுக்கட்டி காளை – காலை 7:40

நேத்து ராத்திரி "வளவு வாசல்"ங்கிற பேர்ல ஒருத்தர் இங்க போட்ட பதிவ படிச்சதுலேர்ந்து காப்பி கூட இறங்கல. விஷயம் இதான், நம்ம பக்கத்து கிராமம் ஒண்ணுல நாலு தலைமுறையும் ஒரே வீட்டுல இருக்கிற குடும்பம், அதுல ஏழு வயசுப் பையன் ஒருத்தனுக்கு வளர்ச்சி குறைவு, அதாவது உயரம் வளரல, ஒரு சேனல்காரங்க அந்த வீட்டுக்குள்ள கேமராவ கட்டி வாரா வாரம் காட்டப் போறாகளாம். அமெரிக்காவுல டிஎல்சி சேனல்ல 2006லேர்ந்து 'லிட்டில் பீப்பிள், பிக் வேர்ல்ட்'னு உயரம் குறைஞ்சவங்க குடும்பத்தக் காட்டுற ஷோ ஒண்ணு ஓடுச்சாம், அது மாதிரியாம், செட்டிநாட்டுக்கே பெருமையாம். என்ன பெருமைங்கிறேன்? கனடாவுல 1934ல டியோன்னு ஒரு விவசாயி வீட்டுல ஒரே பிரசவத்துல அஞ்சு பொம்பளப் பிள்ளைக பிறந்துச்சுக, அரசாங்கமே அதுகள பெத்தவங்ககிட்டேர்ந்து பிரிச்சு ஒரு கட்டடத்துல வச்சு ஆளுக்கு 25 சென்ட் டிக்கெட் போட்டு ஊருக்கே காட்டுனான். டிக்கெட் போட்டு மனுசன காட்டுறவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் ஒண்ணுதான்.

வளவு வாசல் – காலை 8:05

காளை அண்ணே, பதிவ பாதி படிச்சிட்டு முழுசா கொதிக்கிறது உங்களுக்குப் புதுசில்ல. அந்தப் பையனோட அப்பா என்கிட்ட நேர்ல சொன்னத்தான் எழுதுனேன். "சந்தைக்கு கூட்டிட்டுப் போனா எப்படியும் எல்லாரும் வேடிக்கதான் பாக்குறாக, டிவில வந்தா பேரு சொல்லியாவது கூப்பிடுவாக"ன்னாரு. இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? அந்த அமெரிக்கக் குடும்பம் ஓரிகான்ல பண்ணை வச்சிருக்காக, பூசணிக்கா சீசன்ல ஜனங்க வண்டி கட்டிக்கிட்டு வந்து பாத்துட்டுப் போறாக, கௌரவமா பிழைக்கிறாக. யாரும் அழல.

சிங்கப்பூர் சிட்டை – காலை 8:31

சின்ன திருத்தம். டியோன் குழந்தைகள பாக்க டிக்கெட்டே கிடையாது. அனுமதி இலவசம். 1936லேர்ந்து 1943 வரைக்கும் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் போய் பாத்தாங்க, நுழைவுக் கட்டணம்னு ஒரு பைசா வாங்கல. காசு பண்ணது வேற வழியில, ஓட்ஸ் விளம்பரம், பொம்மை, போஸ்ட்கார்டு, வர்ற ஜனத்துக்கு ஹோட்டல், பெட்ரோல். பெத்த அப்பாவே எதிர்ல கடை போட்டு உட்கார்ந்திருந்தாரு. 25 சென்ட்டு இங்க எங்க வந்துச்சு?

கல்லுக்கட்டி காளை – காலை 8:44

30 லட்சம் பேருக்கு சும்மா காட்டுனான்னு சொன்னா நம்புறதுக்கு என் காதுல பூவா இருக்கு? எந்த ஊர்லயாவது வெள்ளக்காரன் சும்மா ஒண்ணு காட்டிருக்கானா தம்பி? டிக்கெட் போட்டாங்க. படிச்சிருக்கேன்.

சிங்கப்பூர் சிட்டை – காலை 8:50

எங்க படிச்சீங்க? நீங்க சொல்ற 25 சென்ட்டு இன்குபேட்டர் குழந்தைகளுக்கு. மார்ட்டின் கூனின்னு ஒருத்தர் நியூயார்க் கோனி ஐலண்ட்ல 1903லேர்ந்து 1943 வரை குறைமாசக் குழந்தைகள இன்குபேட்டர்ல வச்சு பொருட்காட்சி மாதிரி காட்டுனாரு, அதுக்குத்தான் 25 சென்ட் டிக்கெட். 1933 சிகாகோ கண்காட்சியிலயும் கடை போட்டாரு. அந்தக் காலத்துல நிறைய ஆஸ்பத்திரியில இன்குபேட்டரே இல்ல. பெத்தவங்ககிட்ட ஒரு சல்லிக்காசு வாங்காம டிக்கெட் பணத்துலயே நர்சு, பால், எல்லாம் பாத்தாரு, ஆயிரக்கணக்குல குழந்தைங்க பிழைச்சுது. அப்ப உங்க கணக்குப்படி அவரும் வித்தைக்காரன்தானா?

கல்லுக்கட்டி காளை – காலை 9:02

ஆங், இப்ப வந்தீகளா வழிக்கு. டிக்கெட் இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீக. அதத்தான நானும் காலையிலேர்ந்து கத்துறேன்.

சிங்கப்பூர் சிட்டை – காலை 9:03

அது வேற ஊர், வேற ஆள், வேற குழந்தைங்க!!

கல்லுக்கட்டி காளை – காலை 9:10

டிக்கெட் ஒண்ணுதான. சிங்கப்பூர்ல உட்கார்ந்துக்கிட்டு கூகுள் பாத்து எங்களுக்கு பாடம் எடுக்காதீக. போன வருசம் உப்புக்கண்டத்துக்கு மல்லி போடணுமா வேண்டாமான்னு பேசுனப்பவும் இதே மாதிரிதான், கடைசில யாரு சொன்னது சரின்னு எல்லாருக்கும் தெரியும்.

ஆத்தங்குடி ஆச்சி – காலை 9:38

அப்பச்சிகளா, உப்புக்கண்டத்த விடுங்க. வித்தியாசமான குடும்பம் வித்தியாசமான குடும்பம்ங்கிறீகளே, நம்மள்ல கல்யாணம் ஆன ஆம்பளையவே பிள்ளை கூட்டிக்கிட்டு வர்றோம், அதான் தத்து எடுக்கிறோம், வெளியூர்க்காரி என் மருமக இத முதல்ல கேட்டுட்டு அரை மணி நேரம் சிரிச்சா. நாளைக்கு அதையும் எடுக்க கேமராவ தூக்கிட்டு வந்தா என்ன செய்வீக? கல்யாணத்துல சாமான் பரப்பி ஊரக் கூட்டி காட்டுறோம், சரி, அது பித்தளையும் எவர்சில்வரும், பாத்தா தேயாது. பிள்ளைய பரப்புறதாவது. எனக்கு இது பிடிக்கல.

வளவு வாசல் – காலை 9:52

ஆச்சி, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா பிள்ளைய மறைச்சு வைக்கிறதும் பாவம்தான். நம்ம பெரிய வீடுகள்ல பின்பக்கம் மூணாங்கட்டுல ஒரு அறையில ஆயுசு பூரா ஒரு ஆள வச்சிருந்து, விருந்தாளி வந்தா கதவ சாத்துன கதை உங்களுக்குத் தெரியாததா? அதுக்கு இது எவ்வளவோ தேவல.

கல்லுக்கட்டி காளை – காலை 10:15

வளவு வாசல் ஏன் இவ்வளவு வரிஞ்சு கட்டுறாருன்னு நான் சொல்லட்டுமா? இவுக பங்கு வீட்டை சினிமா ஷூட்டிங்குக்கு விடுறாக. வெளிநாட்டுக்காரன் வந்தா முகப்புல நின்னு தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு உள்ள விடுறாக. அதுவும் டிக்கெட்தான். சேனல்காரன் வந்து எங்க தங்கப் போறான், யாரு வீட்டுல தங்கப் போறான், அதையும் இங்க எழுதச் சொல்லுங்க.

வளவு வாசல் – காலை 10:21

அண்ணே வீடு வேற மனுசன் வேற. ஓடு மாத்த, தேக்குத் தூணுக்கு எண்ணெய் அடிக்க உங்க வீட்டுப் பணமா வருது? பதினாலு பங்காளி இருக்கிற வீடு, ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் மலேசியா, எவனும் ஒரு ரூபா தர்றதில்ல. அம்பது ரூபா வாங்குறதுதான் உங்க கண்ண உறுத்துதா? போன பொங்கலுக்கு உங்க அக்கா மகன் பொண்டாட்டிய கூட்டிட்டு வந்து எங்க வளவுல நின்னு போட்டோ எடுத்தானே, அவன்கிட்ட நான் வாங்கல, ஞாபகம் வச்சுக்கங்க.

கழனிவாசல் வக்கீல் – காலை 11:06

கோர்ட்டுக்கு நடுவுல டைப் பண்றேன், சுருக்கமா. குழந்தையை வச்சு நிகழ்ச்சி எடுக்கணும்னா குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2017 விதிகள் இருக்கு, கலெக்டர் அனுமதி வேணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வு இல்லாம 3 மணி நேரத்துக்கு மேல கூடாது, வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் பிள்ளை பேர்ல பேங்குல டெபாசிட் போடணும். இது நடிக்கிற, பாடுற பிள்ளைக்கு எழுதுனது, ஆனா வீட்டுல பல்லு விளக்குற பிள்ளைய எடுத்தா அது நடிப்பா இல்லையா? காலையில எந்திரிச்சதுலேர்ந்து ஓடுற கேமராவுல 5 மணி நேரத்த யாரு எண்ணுறது? அப்புறம் வளர்ச்சிக் குறைவும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துப் பட்டியல்ல இருக்கு. பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்துனா 92ஆம் பிரிவுல 6 மாசத்துலேர்ந்து 5 வருசம் வரைக்கும் ஜெயில். 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டும் சினிமா, டிவில மாற்றுத்திறனாளிகள எப்படிக் காட்டணும்னு தனியா வழிமுறை சொல்லிருக்கு. குடும்ப விவகாரத்த மேடையில வச்சுப் பேசுன 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு 2018ல மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டதும் எல்லாருக்கும் தெரியும். ஆக சட்டம் இருக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல.

கல்லுக்கட்டி காளை – காலை 11:20

வக்கீல் சாரே சொல்லிட்டாரு. 20 சதவீதம் பிள்ளைக்குன்னா மிச்ச 80 யாருக்கு? டிக்கெட் கலெக்‌ஷன் பிரிக்கிற மாதிரியேதான இருக்கு.

கழனிவாசல் வக்கீல் – காலை 11:24

நான் டிக்கெட்டப் பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லல.

செஞ்சை பொண்ணு – மதியம் 12:47

நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. என் தம்பிக்கு இதே பிரச்சினைதான், 26 வயசு, அக்கவுண்ட்ஸ் படிச்சிட்டு ஒரு கடையில கணக்கு எழுதுறான். ரெண்டு வருசம் முன்னாடி ஏடிஎம்ல பணம் எடுக்கப் போனான், அவனுக்கு நம்பர் பட்டன் எட்டும் ஸ்கிரீன் தெரியாது, அதனால ஹெல்மெட்ட கீழ வச்சு அது மேல ஒரு கால ஊணி ஏறி நின்னு நம்பர் அடிச்சிருக்கான். கண்ணாடிக்கு வெளிய நின்ன எவனோ அத மொபைல்ல எடுத்து சினிமா பாட்டு போட்டு விட்டுட்டான். சாயந்தரம் எங்க குடும்ப குரூப்புக்கே அது வந்துச்சு, அனுப்புனது எங்க பெரியப்பா, அவருக்கு அது யாருன்னு கூட முதல்ல தெரியல, பின்னாடிதானே எடுத்திருக்கான். தம்பி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா அதுலேர்ந்து ஏடிஎம் கார்ட என்கிட்ட குடுத்துட்டான். அந்த ஏழு வயசுப் பிள்ளைக்கு 26 ஆகும்போது அவன் பல்லு விளக்குனது, குளிச்சது, அழுதது எல்லாம் யூட்யூப்ல இருக்கும். வேண்டாம்னு சொல்ல அவனுக்கு இப்ப வயசு இல்ல, வயசு வர்றப்ப சொல்லி பிரயோஜனம் இல்ல. யாராவது இதுக்கு பதில் சொல்லுங்க.

டாக்டரம்மா – மதியம் 1:15

செஞ்சை பொண்ணு சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல. மருத்துவமா ஒண்ணு மட்டும். அக்கோண்ட்ரோபிளேசியாதான் இதுல அதிகமா பாக்குற வகை. எஃப்ஜிஎஃப்ஆர்3ங்கிற மரபணுவுல வர்ற மாற்றம், அப்படிப் பிறக்கிற 10 பிள்ளைகள்ல 8 பேரோட அம்மா அப்பா சாதாரண உயரம்தான், மாற்றம் புதுசா வர்றது. ஆனா இந்த மாதிரி ஷோவுல பாட்டிகிட்ட மைக்க நீட்டி "உங்க வம்சத்துல யாருக்காவது இருக்கா"ன்னு கேப்பாங்க, பாட்டி மருமக பக்கம் திரும்பி பாக்கும், பின்னாடி வயலின் வரும். 2021லேர்ந்து வோசோரிடைட்னு எலும்பு வளர்ச்சிக்கு ஒரு ஊசி வெளிநாட்டுல அனுமதி வாங்கிருக்கு, தினமும் போடணும், விலை நம்மால நினைக்க முடியாது. பிள்ளை குறட்டை விட்டா, கால் மரத்துப் போனா உடனே காட்டணும். இதெல்லாம் ஒரு எபிசோட்ல சொல்வாங்களா? விழிப்புணர்வுன்னா இதுதான விழிப்புணர்வு.

வளவு வாசல் – மதியம் 1:32

டாக்டரம்மா நீங்க சொன்னத சேனல்காரங்ககிட்ட சொல்லி சேத்துக்கச் சொல்றேன். ஆனா நிறுத்தச் சொல்றதுக்கு நாம யாரு? பெத்தவங்க சம்மதிச்சிருக்காக.

சிங்கப்பூர் சிட்டை – மதியம் 1:50

பெத்தவங்க சம்மதம்னா பென்சில்வேனியா கதையும் கேளுங்க. 'ஜான் அண்ட் கேட் பிளஸ் எய்ட்'னு ஒரு டிவி ஷோ, 2007ல ஆரம்பிச்சுது, அந்தத் தம்பதிக்கு முதல்ல ஒரு ஜோடி இரட்டைப் பிள்ளைங்க, அதுக்கப்புறம் ஒரே பிரசவத்துல ஆறு. 2009ல தாய் தகப்பன் பிரியுறதையும் கேமரா முன்னாடியே அறிவிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அந்த மாநிலம் 2012ல ரியாலிட்டி ஷோ பிள்ளைங்களையும் சேத்து சட்டத்த மாத்துச்சு. டியோன் சகோதரிகள்ல உயிரோட இருந்த மூணு பேரும் 1997ல அமெரிக்காவுல ஏழு குழந்தை பெத்த ஒரு தம்பதிக்கு பகிரங்கமா கடிதம் எழுதுனாங்க, எங்களுக்கு நடந்தது உங்க பிள்ளைங்களுக்கு நடக்க விடாதீங்கன்னு. அடுத்த வருசம் ஒன்டாரியோ அரசாங்கம் 40 லட்சம் டாலர் நஷ்ட ஈடு குடுத்துச்சு. டிக்கெட் இல்லாமலே இவ்வளவு நாசம் பண்ண முடியும்னுதான் நான் சொல்றேன், காளை அண்ணன் பக்கம்தான் நானும்.

கல்லுக்கட்டி காளை – மதியம் 2:11

என் பக்கம் வர வேண்டாம் தம்பி, டிக்கெட் இல்லைங்கிறவரைக்கும் நீங்க அந்தப் பக்கம்தான். 40 லட்சம் டாலர் நஷ்ட ஈடு ஏன் குடுத்தான்? டிக்கெட் காசு வாங்கலன்னா எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? கொஞ்சம் யோசிங்க.

சிங்கப்பூர் சிட்டை – மதியம் 2:14

தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. அவங்க பேர்ல இருந்த டிரஸ்ட் பணத்த அரசாங்கம் கண்டபடி செலவு பண்ணுச்சு, அதுக்கு.

கல்லுக்கட்டி காளை – மதியம் 2:30

அந்த டிரஸ்டுக்கு பணம் எங்கேர்ந்து வந்துச்சு?

சிங்கப்பூர் சிட்டை – மதியம் 2:31

விளம்பரம்!!! ஓட்ஸ்!!!

செஞ்சை பொண்ணு – மதியம் 2:58

நான் கேட்டதுக்கு யாருமே...

வளவு வாசல் – மதியம் 3:05

தங்கச்சி உங்க தம்பி கதை மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஆனா அது எவனோ திருட்டுத்தனமா எடுத்தது, இது கையெழுத்து போட்டு எடுக்கிறது. ரெண்டையும் குழப்பாதீக.

ஆத்தங்குடி ஆச்சி – மதியம் 3:20

கையெழுத்து யாரு போட்டா, பிள்ளையா போட்டுச்சு? மேல டிவில வந்தா பேரு சொல்லி கூப்பிடுவாகன்னு அப்பன் சொன்னதா எழுதிருக்கீக. அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னன்னு இதுவரைக்கும் நீங்களே ஒரு தடவ எழுதல, "அந்தப் பையன் அந்தப் பையன்"ங்கிறீக.

வளவு வாசல் – மதியம் 3:24

ஆச்சி, தனியுரிமைக்காக எழுதல.

ஆத்தங்குடி ஆச்சி – மதியம் 3:26

ஆகா.

கல்லுக்கட்டி காளை – மாலை 4:40

மத்தியானம் கண்ணசந்துட்டேன். ஆச்சி கேட்டது நியாயம், ஆனா மெயின் விஷயத்துக்கு வருவோம். வளவு வாசல் இன்னும் பதில் சொல்லல, உங்க வீட்டுல அம்பது ரூபா வாங்குறீகளே, அதுக்கு ரசீது குடுக்கிறீகளா? பதினாலு பங்காளிக்கும் கணக்கு காட்டுறீகளா? எங்க அக்கா மகன் சொன்னான், கையில வாங்கி டப்பாவுல போட்டீகளாம்.

வளவு வாசல் – மாலை 4:52

அவன்கிட்ட நான் வாங்கவே இல்லைன்னு காலையிலயே எழுதிருக்கேன்! அட்மின் யாராவது இருக்கீகளா? இவரு குடும்ப விஷயத்த இழுக்கிறாரு.

கல்லுக்கட்டி காளை – மாலை 4:55

வீடு வேற மனுசன் வேறன்னு சொன்னது நீங்கதான. நான் வீட்டப் பத்தித்தான் கேக்குறேன். ரசீது இருக்கா இல்லையா?

கழனிவாசல் வக்கீல் – மாலை 5:30

பங்கு வீட்டு வருமானத்துக்கு எல்லா பங்குதாரருக்கும் கணக்கு கேக்க உரிமை உண்டு. பொதுவா சொன்னேன்.

வளவு வாசல் – மாலை 5:33

பாத்தீகளா, இப்ப இவரும் சேந்துட்டாரு. உங்க ஃபீஸ் எவ்வளவு சார், அதுக்கு ரசீது குடுப்பீகளா?

சிங்கப்பூர் சிட்டை – மாலை 6:02

லிங்க் போட்டிருக்கேன், அனுமதி இலவசம்னு தெளிவா இருக்கு. காளை அண்ணே, தயவு செஞ்சு ஒரு தடவ திறந்து பாருங்க.

கல்லுக்கட்டி காளை – மாலை 6:20

இங்கிலீஷ்ல இருக்கு. அவனே எழுதி அவனே வச்சுக்கிட்டா அவன் ஊர்ல டிக்கெட் போட்டேன்னா எழுதுவான்?