4 டிபி ஹார்ட் டிஸ்க்: எம்பிஆரா, ஜிபிடியா?

காட்பாடி: ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் புது 4 டிபி டிஸ்க், விண்டோஸ் 10. 2048 ஜிபிக்கு மேல் பார்ட்டிஷன் போட முடியவில்லை. மீதி 1678 ஜிபி கறுப்புப் பட்டையாக நிற்கிறது. டிஸ்க் பழுதா அண்ணா?

ராணிப்பேட்டை: பழுதில்லை தம்பி. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் செக்டார் (டிஸ்க்கின் சிறு துண்டு) எண்ணுக்கு 32 பிட்தான். 512 பைட் செக்டார் என்றால் 2 டிபியோடு கணக்கு முடிந்துவிடும். ஜிபிடி என்ற புது முறைக்கு மாத்துங்க. டிஸ்க் காலிதானே? அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் (உங்கள் எண்), கிளீன் (டிஸ்க்கில் உள்ளதை அழிக்கும்), கன்வர்ட் ஜிபிடி என்று ஒவ்வொன்றாகக் கொடுங்க. எண்ணை ஜிபி அளவோடு ஒப்பிட்டு இரண்டு தடவை பாருங்க. கிளீன் "செய்யட்டுமா?" என்று கேட்காது, எண் தப்பினால் கல்யாண ஆல்பம் எல்லாம் போச்சு.

ஆரணி: விண்டோஸையும் அதிலிருந்தே பூட் செய்வதானால் யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடக்கும் புது முறை) வேண்டும். லெகசி மோடில் (பழைய பயாஸ் முறை) விண்டோஸ் ஜிபிடியிலிருந்து ஏறாது.

காட்பாடி: மூன்று டிரைவாகப் பிரிக்கட்டுமா?

ராணிப்பேட்டை: வேண்டாம். ஒரே பார்ட்டிஷன், என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். டிஸ்க் போனால் மூன்றும் சேர்ந்தே போகும். பேக்கப் வேறு டிஸ்க்கில் வைங்க. பிறகு பெரிதாக்க நினைத்தாலும், விண்டோஸின் எக்ஸ்டென்ட் வால்யூம் வசதி வலப்பக்கம் ஒட்டியுள்ள காலி இடத்தைத்தான் எடுக்கும். பார்ட்டிஷனையே நகர்த்தும் மென்பொருள் ஓடும்போது கரண்ட் போனால் டேட்டா சிதையும். யூபிஎஸ் இல்லாமல் தொடாதீங்க.