உக்கிப் போகும்தானே என்று வீசிய வாழைத்தோல்

உப்புவெளிச் சைக்கிள்:

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எட்டுப் பேர் காலை ஐந்தரைக்குத் திருகோணமலை உப்புவெளியில் சேர்ந்து, நிலாவெளி தாண்டி குச்சவெளி வரை போய்த் திரும்புவோம். போகவர 60 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், கதலியென்றால் மூன்று. ஓடிக்கொண்டே உரித்து, தோலை இடப்பக்கப் பற்றைக்குள் எறிவது வழக்கம். பொலித்தீன் ஒருநாளும் எறிந்ததில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. தோல்தானே, உக்கிப் போகும், ஆடு மாடு தின்னும், மண்ணுக்கும் நல்லது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

இறக்கக்கண்டிப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், வழமைபோல் எறிந்தேன். கடற்கரைப் பக்கம் நின்ற ஓர் ஆட்டுக்குட்டி றோட்டைக் குறுக்கறுத்து ஒரே பாய்ச்சல். நான் தப்பிவிட்டேன். பின்னால் வந்தவர் இரண்டு பிறேக்கையும் ஒன்றாகப் பிடித்து, ஹாண்டிலுக்கு மேலால் போய் விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை மாவுக்கட்டு. குட்டிக்கு ஒன்றுமில்லை, அது தோலைத் தின்றுகொண்டு நின்றது.

சத்தம் கேட்டு ஆட்டுக்காரி ஓடி வந்தா. ஏசப்போகிறா என்று நினைத்தேன். முதலில் விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தா. அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, ஒவ்வொரு ஞாயிறும் நீங்க எறியிறீங்க. உங்கட சைக்கிள் சத்தம் கேட்டாலே இது காதை நிமித்திக்கொண்டு நிக்குது. தோல் குடுக்கிறதெண்டா நிண்டு குடுங்கோ. நீங்க ஓடிக்கொண்டு எறிஞ்சா அதுவும் ஓடித்தான் வரும்" என்றா.

நான் எறிந்துகொண்டிருந்தது குப்பை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்தக் குட்டிக்கு நானே றோட்டைக் கடக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

உங்களில் யாருக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? உக்குமா உக்காதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

உவர்மலை இறக்கம்:

எனக்கு ஆடுமில்லை மாடுமில்லை. மழை விட்ட நேரம், உவர்மலை இறக்கத்தில் யாரோ சூப்பிப் போட்ட மாங்கொட்டை முன் சில்லுக்குள் வந்தது. முழங்காலில் ஏழு தையல். மாங்கொட்டையும் உக்கும்தான். அதற்கு அன்றைக்கு நேரம் போதவில்லை.

கிண்ணியாக் கரை:

எங்கள் பக்கக் கதை வேறு. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம். காற்று வாங்கவும் படம் எடுக்கவும் சைக்கிள்காரர் நிற்காமல் போவதில்லை. வரும்போதே கையில் இளநீர். குடித்து முடித்ததும் கோம்பையைக் கண்டல் பக்கம் ஒரு வீச்சு. கேட்டால் "இயற்கைச் சாமான்தானே நானா" என்பார்கள்.

கோம்பை உக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு வருடக்கணக்கு எடுக்கும். அதுவரை அது ஒரு கிண்ணம். ஒரு மழை போதும், தண்ணீர் தங்கும். டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் புது நுளம்பு பறக்க ஏழெட்டு, மிஞ்சினால் பத்து நாள். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, கோம்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மழைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்.

2017ஐ கிண்ணியாவில் யாரும் மறக்க மாட்டோம். அந்த ஆண்டு நாடு முழுக்க 1,86,000 பேருக்கு டெங்கு வந்தது. அது பெரிதாவதற்கு முன்னரே, ஆண்டின் தொடக்கத்திலேயே, எங்கள் ஊர் படுத்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஓர் ஆள் காய்ச்சல். வாப்பாவுக்குப் பிளேற்லெற் இறங்கி, இரவிரவாக ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றோம். பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாமாரோடு சேர்ந்து வளவு வளவாகத் துப்புரவு செய்யப் போனபோது, ரயரும் யோகட் கோப்பையும் வரும் என்று நினைத்துத்தான் போனேன். அவையும் வந்தன. ஆனால் புழு நெளிந்த தண்ணீரோடு நான் அதிகம் கவிழ்த்தது கோம்பைகளைத்தான்.

ஒரு வேண்டுகோள். கடையில் நின்று குடித்து, வழுக்கலையும் தின்று, கோம்பையைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டாய்ப் பிளந்து காயப்போட்டால் விறகுக்கு எடுப்பார்கள்.

ஒற்றைச் சில்லு:

கச்சான் கோதுக்கும் இதே சட்டமா? நான் கோணேசர் கோயில் ஏற்றம் முழுக்கக் கோது உதிர்த்துக்கொண்டு போகிறவன். நேரே கேட்டுவிட்டேன்.

கந்தளாய் றோட்டு:

ஒற்றைச் சில்லு தம்பி, கோதோடு நிற்கிறீர், கடலைப் பருப்பு விழாவிட்டால் சரி. ஆனால் எங்கள் பாதையில் அதைக்கூடச் செய்யாதேயும். ஏன் என்று சொல்கிறேன்.

கந்தளாயிலிருந்து ஹபரணைப் பக்கம் போகும் ஏ6 வீதியில் ஐந்தாறு வருடமாக ஓடுகிறேன். காடு இரண்டு பக்கமும் றோட்டை ஒட்டி வரும். அவித்த சோளம் விற்கும் கடைகள் அங்கங்கே இருக்கின்றன, உப்புத் தண்ணீர் தெளித்துச் சுடச்சுடத் தருவார்கள். அதை வாங்கி ஒரு கையால் கடித்துக்கொண்டு மற்றக் கையால் ஹாண்டில் பிடிப்பதில் ஒரு கெத்து. தின்று முடித்த பொத்தியைக் காட்டோரம் எறிந்துவிடுவோம். வான்காரரும் அதைத்தான் செய்வார்கள்.

ஒருநாள் பின்னேரம் நாலு மணியிருக்கும், திரும்பி வருகிறோம். முன்னால் ஒரு லொறி நிற்கிறது, அதற்கு முன்னால் இரண்டு வான். அதற்கும் முன்னால் அவர். தனியன் கொம்பன் இல்லை, கொம்பில்லாத அலியன், நடு வயது. றோட்டின் வெள்ளைக் கோட்டில் நின்று, முதல் வானின் ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டுத் தேடுகிறது. கோபமில்லை. கடைக்கு வந்த ஆள் மாதிரி. உள்ளிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். அது போகவில்லை, அடுத்த வானுக்கு வந்தது.

வானுக்குக் கண்ணாடி ஏற்றலாம். லொறிக்கு உயரம் இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? என் ஜேர்சியின் முதுகுப் பையில் மீதி ஒரு சோளம், உப்பும் மணமுமாக. யானையின் மூக்குக்கு அது எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று யோசித்துக்கொண்டே, லொறியின் பின் பலகைக்குக் கீழே 40 நிமிடம் குந்தியிருந்தோம். லொறி டிரைவர் அண்ணை தலையை நீட்டி, "சைக்கிளைப் போட்டுட்டு ஏறு தம்பி" என்றார். ஏறிவிட்டோம். என் சைக்கிளை அது மணந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் காட்டுக்குள் போனது.

பிறகு அந்தச் சோளக் கடை அம்மேயிடம் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. முந்தி யானை இரவில் றோட்டைக் கடந்து குளத்துக்குப் போகும், அவ்வளவுதான், இப்போது பகலிலேயே ஓரத்தில் வந்து பொத்தி பொறுக்குகிறது, பொறுக்கி முடிந்தால் வாகனத்தைப் பார்க்கிறது என்றா. புத்தல - கதிர்காமம் வீதியில் வாகனம் மறிக்கும் யானைகளை நாடே அறியும். அவையும் பிறந்தபோதே மறித்தவை அல்ல. அம்பாறை பள்ளக்காட்டில் குப்பை மேட்டுக்குப் பழகிய யானைகள் சாப்பாட்டோடு பொலித்தீனையும் விழுங்கிச் செத்தன. 2019 தொடக்கம் இந்த நாட்டில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்ட யானைகள் சாகின்றன. எல்லாம் சோளப் பொத்தியால் என்று சொல்ல நான் பைத்தியமில்லை, வெடியும் மின்சாரமும் ரயிலும்தான் பெரிய காரணங்கள். ஆனால் மனிதரைக் கண்டு ஒதுங்கிய மிருகம் ஒதுங்குவதை விட்டால், அது எந்தச் சாவுக்கும் ஒரு படி கிட்ட வருகிறது. அந்த ஒரு படியை நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அம்மே கடையிலேயே ஒரு சாக்கு வைத்திருக்கிறா. நின்று தின்று, பொத்தியைச் சாக்கில் போட்டால்தான் மீதிக் காசு தருவா.

தம்பலகாமம் வயல்காரன்:

வாசித்தேன். எல்லாம் சரிதான், ஆனால் பட்டணத்துப் பிள்ளைகள் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். நான் 40 வருடம் சைக்கிளில் வயலுக்குப் போகிறேன், லுமாலா, பின்னால் கரியரில் மண்வெட்டி. வாழைத்தோல், வெங்காயச் சருகு, வீட்டுக் கழுநீர், எல்லாம் மாட்டுக்கும் மண்ணுக்கும்தான் போகும். குப்பைத் தொட்டி என்ற சாமானே எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஒரு தோலுக்கு இவ்வளவு விசாரணை வைத்தால், வான் ஜன்னலால் சோற்றுப் பார்சலைப் பொலித்தீனோடு எறிகிறவனை என்ன செய்வது? முதலில் அவனைப் பிடியுங்கள். நான் என் வரம்பில் தோல் போடுவேன். போடுவதை நிறுத்த மாட்டேன்.

உப்புவெளிச் சைக்கிள்:

ஐயா, உங்கள் வரம்பும் என் றோட்டும் ஒன்றா? நீங்கள் போடும் இடம் உங்களுக்குத் தெரியும், அதைத் தின்னும் மாடும் தெரியும். நான் 25 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்துவிட்டுப் போகிறவன். பின்னால் என்ன வந்தது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற ஊசிக்காரன்:

மிருக வைத்தியர்களுக்கு உதவியாளாக 20 வருடத்துக்கு மேல் மருந்துப்பெட்டி தூக்கியவன் நான். வயல்காரர் சொல்வதில் பாதி உண்மை. ஆடு, மாடு, மான் எல்லாம் அசைபோடும் சாதி, நாலு அறை வயிறு. முதல் அறை ஒரு தொட்டி மாதிரி, அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலைதழையைப் புளிக்கவைத்துத்தான் அது சீவிக்கிறது. வாழைத்தோல் அந்தத் தொட்டிக்குப் பெரிய பாரமில்லை. சோறு, பணிஸ், பாண் குவியலாகப் போனால் தொட்டி அமிலமாகிவிடும். வயிறு ஊதி, அசைபோடுவது நின்று, விழுந்துவிடும். திருமண வீட்டுச் சோற்றைக் கருணையோடு கொட்டி, அடுத்தநாள் மாட்டைப் புதைத்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன்.

எங்கள் பட்டணத்து மான்களையும் பாருங்கள். பிரட்றிக் கோட்டைக்குள் மரநிழலில் நிற்க வேண்டியவை, பஸ் நிலையத்தடியில் நின்று கையைப் பார்க்கின்றன. படம் எடுக்க வந்தவர்கள் பழக்கியது. சைக்கிளில் வருகிறவர்களும் கோட்டை வாசலில் இறங்கித் தோலை நீட்டுகிறார்கள். தோல் கொடுத்த கையிடம் மான் அடுத்ததாக எதை எதிர்பார்க்கும்? சோறு சுற்றிய, குழம்பு மணக்கும் லஞ்ச் சீற் அதற்குச் சாப்பாடுதான். 2017இல் பொலித்தீன் லஞ்ச் சீற்றைத் தடை செய்தார்கள், ஆனாலும் குப்பைக்குள் இன்னும் அகப்படுகிறது. செத்த மான் ஒன்றின் முதல் அறையைக் கீறியபோது பக்கத்தில் நின்றேன். கயிறு மாதிரி முறுகிய பொலித்தீன் உருண்டை, தேங்காயளவு. அது முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது.

தோடந்தோலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதன் எண்ணெய்க்கு எறும்பே கிட்ட வராது, ஆடு மணந்துவிட்டுப் போய்விடும். எறிந்தால் நீங்கள் எறிந்தபடியே கிடக்கும்.

உப்புவெளிச் சைக்கிள்:

ஊசிக்கார அண்ணை சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பட்டிமன்றம் வேண்டாம் என்று சொன்ன நானே ஒரு சோதனை செய்தேன். ஆகஸ்டில், கச்சான் காற்று அடிக்கிற நாட்களில், வேலிக்கு வெளியே றோட்டோரச் சரளையில் ஒரு வாழைத்தோலும் ஒரு தோடந்தோலும் வைத்து, மேலே ஒரு பழைய கூடையைக் கவிழ்த்துக் கல் வைத்தேன். மூன்று கிழமை. வாழைத்தோல் கறுத்துச் செருப்புத் தோல் மாதிரி ஆனது, உக்கவில்லை. தோடந்தோல் சுருண்டு கலகலவென்று இருந்தது. ஈரமில்லாமல் பூஞ்சணம் எங்கே வரும்? நவம்பர் மழையில் கிணற்றடி வாழைக்கு அடியில் மண் மூடி வைத்தது பத்து நாளில் காணாமல் போனது. ஆக, உக்கும் என்று நான் எடுத்த வகுப்பு கிணற்றடிக்குச் சரி, ஆகஸ்ட் மாத நிலாவெளி றோட்டுக்குப் பொய்.

மாவுக்கட்டு அவிழ்த்தாயிற்று, நண்பர் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டார், எனக்குப் பின்னால் மட்டும் வரமாட்டாராம். இப்போது தோலை முதுகுப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். வியர்வையில் கொஞ்சம் பிசுபிசுக்கும், பழகிவிட்டது. இறக்கக்கண்டிக்கு இப்பால் எட்டுப் பேரும் இறங்குகிறோம். அந்த அக்கா வேலியில் ஒரு பழைய பெயின்ற் வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறா. அதற்குள் தோலைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் போகிறோம். குட்டி இப்போது கிடாய், வேலிக்கு உள்ளே நின்று கத்துகிறது.

போன ஞாயிறு அக்கா வாளியோடு வாசலில் நின்றா. தோல்களுக்கு நடுவே யாரோ குளுக்கோஸ் பைக்கற் உறையைப் போட்டிருக்கிறார்கள். கழுவி எடுத்து வைத்திருந்து, ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் பிடித்துக் காட்டினா. எட்டுப் பேரில் யார் என்று இன்னும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.