கல்லூரித் தலைவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

நம் ஊரில் துணைவேந்தரைப் பட்டமளிப்பு மேடையில் தூரத்துப் புள்ளியாகப் பார்த்ததோடு சரி. அமெரிக்காவில் படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் சொல்லுங்கள்: அங்கே ‘பிரசிடெண்ட்’ என்கிறார்களே, அவர் எப்படிப்பட்ட ஆள்?

பால்டிமோரில் படித்தவர்:

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் எம்.எஸ். படித்தேன். அப்போது தலைவர் ஃபிரீமன் ஹ்ரபோவ்ஸ்கி. 1992இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் 2022இல்தான் எழுந்தார். அமெரிக்கத் தலைவர்கள் பலர் ஆறேழு ஆண்டுகளுக்குள் பெட்டி கட்டிவிடுவார்கள் என்பதால் முப்பது ஆண்டு என்பது அங்கே அதிசயம்.

கணிதக்காரர். அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்த கறுப்பினத்தவர். 1963இல் சிறுவர்கள் நடத்திய சமஉரிமை ஊர்வலத்தில் நடந்து, 12 வயதில் ஐந்து நாள் சிறையில் இருந்தார். 24 வயதில் டாக்டர் பட்டம். கறுப்பின மாணவர்களை விஞ்ஞானிகளாக்க 1988இல் அங்கே தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மாடர்னா கொரோனா தடுப்பூசிக்குப் பின்னிருந்த ஆய்வில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மெக்கியா கார்பெட் அந்தத் திட்டத்தில் படித்தவர்தான்.

எனக்குப் பிடித்தது வேறு. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கால்பந்து அணியே கிடையாது. அங்கே அது கோபுரம் இல்லாத கோயில் மாதிரி. அதற்குப் பதில் சதுரங்க அணியைக் கொண்டாடினார்கள், நன்றாக ஆடுபவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. திருச்சியில் சதுரங்கம் ஆடி வளர்ந்த எனக்கு அது சொந்த வீடு போல இருந்தது. பிறகு 2018 மார்ச்சில், கல்லூரிகளுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் முதல் தரநிலை பெற்ற வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைப் பதினாறாம் தரநிலையில் இருந்த எங்கள் அணி 74-54 என்று வீழ்த்தியது. ஆடவர் போட்டியில் அதற்கு முன் நடந்தே இராத ஒன்று. மறுநாள் ஊரே எங்கள் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்று தேடியது. தலைவரை நான் அருகில் பார்த்தது விழாக்களில் சில நொடிகள்தான், அதை அனுபவம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஓஹாயோவில் படித்தவர்:

சிறிய கலைக் கல்லூரி, பெயர் வேண்டாம். செலவுக்காக உணவுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் தலைவரின் வீட்டில் நன்கொடையாளர்களுக்கு விருந்து. அங்கே தலைவருக்குக் கல்லூரியே வீடு தருவது வழக்கம். அந்த வீட்டின் கூடம் பாதி நாள் அவருடையது இல்லை.

விருந்துக்கு அரை மணி நேரம் முன்பு தலைவர் அம்மாள் சமையலறைக்குள் வந்து, மூலையில் நின்று சின்னச் சின்ன அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பரீட்சைக் கூடத்து வாசலில் கடைசி நிமிடம் படிக்கும் பிள்ளையேதான். நான் பார்ப்பதைக் கவனித்ததும் அட்டைகளை என் கையில் கொடுத்து, “கேள்வி கேள்” என்றார்.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு விருந்தாளி: எந்த ஆண்டு பட்டம் வாங்கினார், மனைவி பெயர், பேரன் எங்கே படிக்கிறான், முழங்கால் அறுவை சிகிச்சை எப்போது நடந்தது. நான் கேட்கக் கேட்கச் சொன்னார். இரண்டு தப்பு. “இவர் கொடுத்தால்தான் நூலகத்துக்குக் கூரை” என்று ஓர் அட்டையைக் காட்டினார். அதுதான் தப்பான இரண்டில் ஒன்று!

அப்போது எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருந்தது. முழங்காலை விசாரிப்பது காசுக்காகவா? ஆனால் கல்விக் கட்டணமும் அறக்கட்டளை முதலீட்டின் வருமானமும் போதாத கல்லூரியில் பள்ளத்தை நன்கொடைதான் நிரப்ப வேண்டும். என் உதவித்தொகையும் அப்படி வந்ததுதான் என்று பிறகு தெரிந்தது. யாருடைய முழங்காலோ!

பேராசிரியர் ஒருவர்:

பெரிய பதவி, பிடி இல்லாத கத்தி. தலைவரை அமர்த்துவதும் நீக்குவதும் அறங்காவலர் குழு. பேராசிரியர்களால் நீக்க முடியாது, ‘நம்பிக்கை இல்லை’ என்று வாக்களித்து அவமானப்படுத்த முடியும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தை வளர்த்த தலைவர் கிளார்க் கெர்ரையே, ரீகன் ஆளுநரான அதே ஜனவரியில், 1967இல், ஆட்சிக்குழு வெளியே அனுப்பியது.

மாணவர்களுக்குக் காமம், பழைய மாணவர்களுக்கு விளையாட்டு, பேராசிரியர்களுக்குக் கார் நிறுத்த இடம்: ஒரு பல்கலைக்கழகத் தலைவரின் பிரச்சினைகள் இவ்வளவுதான் என்று கேலி செய்தவர் அந்தக் கெர்தான்.

எங்கள் கல்லூரியில் இரண்டு துறைகளை மூட முயன்ற தலைவருக்கு எதிராக அந்த வாக்கெடுப்பு நடந்தது. எண்ணி முடிக்கும்வரை முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த கோடையில், குடும்பத்தோடு இருக்க விரும்புவதாக வழக்கமான அறிக்கை வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து ஓர் இறுதிச் சடங்குக்காக வளாகத்துக்கு வந்திருந்தார். விருந்தினர் கார் நிறுத்துமிடத்தில், கட்டணம் செலுத்தும் இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றவரிடம் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். இருபது ஆண்டாக என் உடன் பணியாற்றுபவர்களுக்கே வராத என் முழுப் பெயரைப் பிசகாமல் சொல்லி நன்றி சொன்னார். அன்று நான் எந்தப் பக்கம் வாக்களித்தேன் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.