இரேடன் தணிப்பா, இரேடன் போக்கியா?

உவர்மலையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குள் சேரும் இரேடன் வாயுவைக் குறைப்பது பற்றிய ஒரு துண்டுப்பிரசுரத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கிக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். அங்கே பேஸ்மன்ட்டில் குடியிருக்கும் நம்முடைய ஆட்களுக்கானது அது. என் அக்காவும் அப்படித்தான் இருக்கிறா. குளிர்காலத்தில் 3 மாதம் கருவி வைத்துப் பார்த்ததில் இரேடன் கனமீற்றருக்கு 200 பெக்கரல் என்ற கதிரியக்க அளவைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் போனால் குறைக்கச் சொல்கிறது கனடாவின் வழிகாட்டல். நிறமும் மணமும் இல்லாத வாயு, மண்ணிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து வருவது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

செய்கிற வேலை இதுதான்: சீமெந்து நிலத்தில் துளையிட்டு, அடியிலுள்ள கல் படுக்கைக்குள் பிவிசி குழாய் இறக்கி, விசிறி பூட்டி, வாயு வீட்டுக்குள் வருமுன்னே இழுத்து வெளியே விடுகிறார்கள். விசிறி இரவுபகலாக ஓட வேண்டும். வெடிப்புகளையும் அடைக்கிறார்கள். முழு அமைப்புக்கும் 'இரேடன் தணிப்பு முறைமை' என்றும், நுட்பத்துக்குத் 'தளக்கீழ் அமுக்கக் குறைப்பு' என்றும் எழுதி அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பிறஷர் குளிசையைப் பற்றியா என்று கேட்டா.

நிலாவெளியிலிருந்து:

தங்கச்சி, தணிப்பை மாற்றாதே. அனர்த்தத் தணிப்பு என்று மாவட்டக் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் புழங்கும் சொல். 'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி' என்ற குறளை யோசித்துப் பார்: எங்கிருந்து வருகிறது என்று அளந்து பார்த்து, பிறகு வழி தேடுவது, உன் துண்டுப்பிரசுரமே அந்த ஒன்றேமுக்கால் அடிக்குள் இருக்கிறது. தணி என்பது தண் என்ற அடியிலிருந்து வந்தது. தண்மை, தண்ணீர், தண்டலை எல்லாம் அதன் பிள்ளைகள். தணல்கூட எரிந்து தணிந்த நெருப்புத்தான் என்பது என் நெடுநாள் எண்ணம், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்னொன்று, யாரும் 'ரேடன்' என்று எழுத வேண்டாம். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, அ, இ, உ மூன்றில் ஒன்று முன்னே வரவேண்டும் என்பது நன்னூல். இரேடியம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

சேர், குறளில் தணிவது நோய். கோபம் தணியும், தாகம் தணியும், வாயு தணியாது. அதை அப்புறப்படுத்துகிறோம், அவ்வளவுதான். அமுக்கத்தையும் விடுங்கள் அக்கா. நாங்கள் அமுக்கம் என்போம், தமிழ்நாட்டார் அழுத்தம் என்பார்கள், கனடாவில் இரண்டு பேரும் வாசிக்கப் போகிறார்கள். பொறியியல் கணக்கில் அமுக்கக் குறைப்பு சரி: குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே எழும்ப, கீழ்ப்பக்கம் அமுக்கம் குறைந்து, மண்ணுக்குள் இருக்கும் காற்று வெடிப்புகளால் உள்ளே இழுபடுகிறது. நிலத்துக்கு அடியில் அதைவிடப் பலமாக இழுத்தால் பாதை திரும்பிவிடும். ஆனால் இதை ஒரு அம்மம்மாவுக்குச் சொல்ல 'இழுத்தல்' போதும். புகைபோக்கி எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழாயும் வாயுவை வெளியே கொண்டுபோய்த்தானே விடுகிறது? 'இரேடன் போக்கி' என்று வையுங்கள்.

புல்மோட்டையிலிருந்து:

இங்கே மணலில் மொனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் உண்டு, அதிலிருந்து வருவது தோரன். அதுவும் இரேடனின் சமதானிதான், அதே மூலகத்தின் இன்னொரு வகை. எல்லாம் அடங்க 'மண்வாயு போக்கி' என்றால் என்ன?

உவர்மலையிலிருந்து:

மண்வாயு என்றால் சமையல் காஸ் கசிவு என்று நினைத்துவிடுவார்கள் அண்ணை.

நிலாவெளியிலிருந்து:

போக்கி எனக்கு உடன்பாடில்லை, தூய்மைக்காகச் சொல்லவில்லை. வலிபோக்கி என்றால் வலி இல்லாமல் போகும் என்று பொருள். இதைப் பூட்டினால் இரேடன் முற்றாக ஒழிந்தது என்று சனம் நம்பிவிடும். குறையும், ஒழியாது. திறந்தவெளிக் காற்றிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். தணிப்பு என்ற சொல்லில் அந்த உண்மை இருக்கிறது. தம்பி சொல்வது விளங்குகிறது, ஆனால் விளக்கத்துக்காகப் பொருளை விடக்கூடாது.

கிண்ணியாவிலிருந்து:

சேர், விளங்காத சொல்லில் இருக்கும் உண்மை யாரைக் காப்பாற்றும்?

உவர்மலையிலிருந்து:

வியாழன் இரவாகிவிட்டது. எழுதியவர்களில் கூடுதலானோர் போக்கியின் பக்கம். கருவியின் பெயர் 'இரேடன் போக்கி' என்றும், வேலையின் பெயர் 'இரேடன் குறைத்தல்' என்றும் போகிறது. சேர் சொன்னதை விட்டுவிட மனமில்லை. அதனால் முதல் பக்கத்திலேயே, 'இது இரேடனைக் குறைக்கும், முற்றாக இல்லாமல் செய்யாது. பூட்டிய பிறகு திரும்பவும் அளந்து பாருங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். குழாயில் ஒட்டியிருக்கும் அமுக்கமானிக்குப் பெயரே வைக்கவில்லை. 'வளைந்த சிறு குழாயில் நிறத் திரவம் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் விசிறி வேலை செய்யவில்லை, ஆளைக் கூப்பிடுங்கள்' என்று எழுதினேன். அக்காவுக்கு இந்தத் தடவை விளங்கியது.

நிலாவெளியிலிருந்து:

அனுப்பு தங்கச்சி. என் மாணவருக்கான கைநூலில் நான் தணிப்பு என்றே எழுதுவேன். அப்புறம், சீமெந்து நிலத்துக்கும் மண் நிலத்துக்கும் ஒரே 'நிலம்' என்று எழுதியிருக்கிறாய், எதன் கீழே துளை என்று கேட்கப் போகிறார்கள். அதற்கு ஒரு சொல் தேட வேண்டும்.