வினா வடிவில் வரும் வேண்டுகோள்: ‘வேண்டல்வினா’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தில் ‘கமாண்ட்ஸ் அண்ட் ரிக்வெஸ்ட்ஸ்’ பகுதிக்குத் தமிழ் விளக்கத்தோடு ஒரு பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில், வினா வடிவில் வரும் வேண்டுகோளைக் குறிக்க ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று குழுவில் கேட்டிருந்தேன். ஐயா நேற்று எழுதியது:

> கட்டளை வாக்கியம், வேண்டுகோள் வாக்கியம் இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. புதிதாக இன்னொன்று எதற்கு?

ஐயா, அவை புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் வகுப்பில் அவற்றை வைத்துக்கொண்டு நான் திணறுகிறேன். எங்கே திணறுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மாலை வகுப்புக்கு ஒரு பெண் வருகிறார். துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. ‘கொஞ்சம் இருங்க’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ‘யூ வெயிட்’ என்றார். ‘யூ’ எதற்கு என்று கேட்டேன். “வெறும் ‘வெயிட்’னா ‘இரு’ன்னு ஆயிடும்ல டீச்சர், மரியாதையா இருக்கட்டும்னுதான் ‘நீங்க’ சேர்த்தேன்” என்றார். அன்றிரவு முழுக்க அந்தப் பதில் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் செய்தது கவனக்குறைவு இல்லை. தமிழில் மரியாதை முழுவதும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அதை ஒட்டுவதற்கு இடமே இல்லை. இடம் தேடிப் பார்த்து, ‘யூ’வில் கொண்டுபோய் வைத்தார். ஆங்கிலக் காதுக்கு அதுவோ வெறும் ‘வெயிட்’டைவிடக் கடுமையாக ஒலிக்கும்.

அப்படியானால் நம் ‘ங்க’ ஆங்கிலத்தில் எங்கே போகிறது? பெரும்பாலும் வாக்கியத்தையே கேள்வியாக மாற்றிவிடுவதில் போகிறது. ‘குட் யூ வெயிட் எ மினிட்?’ வடிவத்தில் வினா, பொருளில் வேண்டுகோள். இதைத்தான் மாணவர்களுக்கு ஒரே சொல்லில் சுட்ட விரும்புகிறேன். ‘வேண்டுகோள் வாக்கியம்’ என்றால் ‘ப்ளீஸ் வெயிட்’டும் அதில் அடங்கும், ‘குட் யூ வெயிட்?’டும் அடங்கும். ஒன்று ஏவல் வடிவம், மற்றது வினா வடிவம் என்ற வேறுபாடு பெயரில் தெரிவதில்லை. ‘கட்டளை வாக்கியம்’ இன்னும் சங்கடம். ‘ஹேவ் எ சீட்’ உபசரிப்பு, ‘கெட் வெல் சூன்’ வாழ்த்து, ‘டர்ன் லெஃப்ட்’ வழி சொல்வது. மூன்றும் ஏவல் வடிவம்தான், ஆனால் ஒன்றுகூடக் கட்டளை இல்லை. வடிவத்துக்கு ஒரு பெயரும் பயனுக்கு ஒரு பெயரும் தனித்தனியாக வேண்டும்.

இதற்காக மொழியியல் அகராதிகளைப் புரட்டுவதற்கு முன் நம் பத்தாம் வகுப்புப் பாடத்தையே திறந்தேன். வினா ஆறு வகை: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பவணந்தியார் தம் நன்னூல் என்ற இலக்கண நூலில் வகுத்த வகை இது. ஏவல் வினாவுக்குப் பாடநூல் தரும் எடுத்துக்காட்டில், வீட்டில் தக்காளி இல்லை, கடைக்குச் செல்கிறாயா என்று அக்கா தம்பியிடம் கேட்கிறாள். தம்பி போவானா மாட்டானா என்று தெரிந்துகொள்ள அவள் கேட்கவில்லை, போகச் சொல்கிறாள். வடிவம் வேறு, பயன் வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண் நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மெய்யியலாளர் ஜான் சேர்ல் 1975இல் ‘மறைமுகப் பேச்சுச்செயல்’ (ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டு வேறொன்றைச் சொல்வது) என்று விளக்கியதும் இந்த இடத்தைத்தான். பவணந்தியாரின் பட்டியலில் அதற்கு ஓர் இருக்கை எப்போதோ போட்டாயிற்று.

> அப்படியானால் ‘ஏவல் வினா’வையே வைத்துக்கொள்ளலாமே?

அடுத்து இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ‘வில் யூ பி கொயட்?’ என்று ஆசிரியர் வகுப்பைப் பார்த்துச் சொன்னால் அது ஏவல் வினா, சந்தேகமே இல்லை. ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மேலாளரிடம் ‘குட் யூ சைன் திஸ்?’ என்கிறார். அதை ஏவல் என்று எப்படிச் சொல்வது? கீழே இருப்பவர் மேலே இருப்பவரை ஏவுவதில்லை.

இந்த மேல் கீழ் கணக்கு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றையும் ‘இரவின் கிளவி’ என்கிறது. ஒரு பொருளை வாங்க விரும்பித் தாழ்ந்தவர் கேட்டால் ஈ, ஒத்தவர் கேட்டால் தா, உயர்ந்தவர் கேட்டால் கொடு. இன்று அந்தச் சொல்வேறுபாடு வழக்கில் இல்லை. ‘ங்க’, ‘கொஞ்சம்’, ‘சொல்லேன்’, ‘நகருங்களேன்’ என்பதில் வரும் ‘ஏன்’ ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. மொழி ஆய்வாளர்கள் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் பணிவு பற்றி எழுதியபோது கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசிய தமிழைத்தான் தங்கள் மூன்று மொழிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு வளம் இதில் இருக்கிறது.

எனவே என் பரிந்துரை ‘வேண்டல்வினா’. ‘வேண்டல்’ நான் புனைந்ததன்று. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று வியங்கோளின் (‘வாழ்க’, ‘செய்க’ போன்ற வினைமுற்றின்) பொருள்களைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘ஏவல் வினா’ என்ற வாய்பாட்டிலேயே இதுவும் அமைவதால் சொன்னதும் புரிகிறது. குழுவில் வந்த ‘பணிவுக் கேள்வி’யை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. ‘மே ஐ நோ யுவர் நேம்?’ என்பதும் பணிவான கேள்விதான், ஆனால் அங்கே பதிலைத்தான் எதிர்பார்க்கிறோம், வேலையை அன்று. ‘மறைமுக வேண்டுகோள்’ தவறில்லை. ஆனால் ‘இங்கே ரொம்பப் புழுக்கமா இருக்கு’ என்று சொல்லி ஜன்னலைத் திறக்க வைப்பதும் மறைமுக வேண்டுகோள்தானே? அதில் வினாவே இல்லை.

சென்ற சனிக்கிழமை பயிற்சித்தாளில் சோதித்துப் பார்த்தேன். ‘பின்வரும் ஏவல் தொடர்களை வேண்டல்வினாவாக மாற்றுக’ என்று கொடுத்தேன். (அந்த ‘மாற்றுக’வே விதித்தல் பொருளில் வந்த வியங்கோள் என்று ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னான். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.) ‘ஓபன் த விண்டோ’ என்பதை ‘குட் யூ ஓபன் த விண்டோ?’ என்று எல்லோரும் மாற்றினார்கள். துணிக்கடைப் பெண் இன்னும் ஒரு படி போய், ‘வெயிட்’டுக்கு ‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்று எழுதியிருந்தார்.

அங்கேதான் அடுத்த முடிச்சு. ‘காத்திருப்பதில் உங்களுக்குச் சிரமமா’ என்பதுதான் அந்தக் கேள்வியின் நேர்ப்பொருள். அதனால் ‘நோ’ என்றால் ‘சரி, இருக்கிறேன்’ என்று பொருள். வகுப்பில் பாதிப்பேர் சம்மதம் தெரிவிக்க ‘எஸ்’ என்றார்கள். மறுப்புச் சொல்லால் இசைவு தெரிவிக்கும் இந்த விடைக்கு நம் எட்டு வகை விடைகளில் எதைச் சொல்வது? சொல்லைப் பார்த்தால் மறை விடை (மறுத்துச் சொல்வது), பொருளைப் பார்த்தால் நேர் விடை (உடன்பட்டுச் சொல்வது). ‘மறைவடிவ நேர்விடை’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. ஐயாவும் மற்றவர்களும் இதற்கு ஒரு சொல் தந்தால், அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன் தாளில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
மாலை வகுப்பு ஆசிரியை