அந்த ஆரஞ்சு வானம் மெய்யா?

ஊசிமுனை: லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுவின் 'ஹவுசஸ் ஆஃப் த ஹோலி' (1973) ஆல்பத்தின் அட்டையில், அறுகோணப் பாறைகள் மீது குழந்தைகள் ஏறுகிறார்கள். மேலே ஆரஞ்சு வானம். அது மெய்யான இடமா, வரைந்ததா?

இருட்டறை: பாறை மெய், வானம் பொய். இடம் வட அயர்லாந்தின் கடற்கரையிலுள்ள ஜயன்ட்ஸ் காஸ்வே. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி விரிசல் விட்டதில் உண்டான பசால்ட் (எரிமலைப் பாறை) தூண்கள், ஏறத்தாழ 40,000. ஆல்பம் அட்டைகளை வடிவமைத்த ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஆப்ரி பவல் நல்ல வெளிச்சத்துக்காகக் காத்துக் கிடந்தார், மழைதான் வந்தது. கடைசியில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, இரண்டே குழந்தைகளின் உருவங்களைப் பல முறை வெட்டி ஒட்டி, கையால் வண்ணம் தீட்டினார்கள். வெயில் அடித்திருந்தால் நல்லதொரு சுற்றுலாப் படம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஊசிமுனை: அப்படியானால் அவ்வளவு தூரம் போனதே வீண். ஸ்டூடியோவில் செய்திருக்கலாமே?

இருட்டறை: செய்திருக்க முடியாது. அந்தத் தூண்களை எந்த ஓவியரும் தானாக அப்படி அடுக்க மாட்டார். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) இசைத்தட்டோடு வந்த அஞ்சலட்டையைப் பாருங்கள். கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் ஒருவர் தலைகீழாக இருக்கிறார். கால்கள் மட்டும் வெளியே, நீரில் சிற்றலைகூட இல்லை. ஒட்டுவேலை என்று பந்தயம் கட்டத் தோன்றும். ஆனால் அவர் மூச்சை அடக்கி, அலை ஓயும்வரை அசையாமல் நின்றார். சுற்றிலும் தெரியும் சுண்ணக் கோபுரங்கள் நீருக்கடியில் வளர்ந்தவை. 1941 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதால் ஏரி இறங்கி, அவை வெளியே வந்தன. இல்லாமையைப் பாடும் ஆல்பத்துக்கு நீரைப் பறிகொடுத்த ஏரி! இதை ஸ்டூடியோவில் யார் யோசிப்பார்கள்?

மணற்காற்று: யூ2 இசைக்குழுவின் 'த ஜோஷுவா ட்ரீ' (1987) ஆல்பம் பற்றி ஒன்று. ஜோஷுவா ட்ரீ என்பது ஒரு பாலைவன மரம். முன்னட்டையில் அந்த மரமே கிடையாது; அதில் இருப்பது கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்திலுள்ள ஸப்ரிஸ்கி பாயின்ட். புகைப்படக்காரர் ஆன்டன் கோர்பைன் குழுவினரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, படத்தின் பெரும்பகுதியை வெற்று மலைக்குக் கொடுத்தார். மரம் இசைத்தட்டு உறையின் வேறொரு படத்தில்தான் தெரியும். அது டார்வின் என்ற சிற்றூருக்கு அருகே நின்றது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சாய்ந்துவிட்டது. பெயரை நம்பி, பல மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் இன்னமும் அதைத் தேடுகிறார்கள்.